மேனாம்பேடு மூணாந் தெரு

மேனாம்பேடு
24 அக்டோபர் 2025

கவி,

உறையின் மேல் ‘மாணவர் சேர்க்கைப் பிரிவு’ என்று இருப்பதைப் பார்த்து நீ ஏமாந்திருந்தால், மன்னித்துவிடு. என் பெயரைப் போட்டிருந்தால் உன் கோமளா சித்தி அதைப் பிரிக்காமலேயே கேஸ் அடுப்பில் காட்டியிருப்பார். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மெசேஜிலும் பிளாக் செய்துவிட்டாய். பாட்டுக் குழுவிலிருந்தும் தூக்கிவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய மட்டும் போனில் பட்டன் கிடையாது. சென்னீர்குப்பத்தில் சித்தி வீட்டுப் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று உன் சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் கடிதம். இதில் துணைக்கால் நிறைய இருக்கிறது, வேண்டுமானால் அதை உடைத்துக்கொள்ளட்டும்.

போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம் மாதிரி எழுதப்போகிறேன். அப்போதாவது நடுவில் ஜோக் வராமல் இருக்கிறதா பார்ப்போம்.

நான், கிஷோர், வயது பதினெட்டுக்கு இரண்டு மாதம் குறைவு, ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு. உன் அப்பா வேம்புலி நைனாவுக்குப் பாடியில் ஒற்றை மெஷின் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது என்பதால் நம் பாட்டுக் குழு பன்னிரண்டு பேரையும் அங்கே பாடிப் பழக விட்டார். பாடிப் பாடித்தான் அந்த ஊருக்குப் பாடி என்று பெயர் வந்தது என்று நான் சொன்ன சரித்திரத்தை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். நம்பினாரோ, நம்பின மாதிரி நடித்தாரோ.

அவருடைய கிட்னி இரண்டும் கையை விரித்தபோது, பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டுப் பாடி ஒரு ஆல்பம் போட முடிவு செய்தோம். வருவதெல்லாம் அவருடைய கிட்னி மாற்று ஆபரேஷனுக்கு. ஆல்பத்துக்கு ‘கிட்ட நீ’ என்று பெயர் வைத்தது அடியேன். கிட்னியைப் பிரித்தால் கிட்ட நீ. அதற்கு நீ அன்று சிரித்தாய். அதையும் வாக்குமூலத்தில் சேர்க்கிறேன்.

இனி குற்றம். ஏழாவது பாட்டு உன்னுடையது. நீ பாடியதை எடுத்துவிட்டு, அதே ஃபைல் பெயரில் வேறு ஒன்றை வைத்தேன். மரண கானா. செத்தவர் பேர், தெரு, தொழில் எல்லாம் சொல்லிச் சாவு வீட்டு வாசலில் பாடுவார்களே, அது. உயிரோடு இருக்கிற உன் அப்பாவுக்கு.

*மேனாம்பேடு மூணாந் தெரு*
*முக்குல வந்து நில்லு*
*வேம்புலி அண்ணன் பூட்டாருன்னு*
*வேலைக்கு லீவு சொல்லு*

*இரும்பக் கடஞ்ச கையி ரெண்டும்*
*இன்னிக்கி சும்மா கீது*
*எண்ணெ வாசம் மட்டும் இன்னும்*
*ஊட்டச் சுத்திக் கீது*

ஞாயிறு, அக்டோபர் பன்னிரண்டு, நம் ரெக்கார்டிங் ஆள் அரவிந்தன் அறையில் எல்லோரும் உட்கார்ந்து ஆல்பத்தை ஒரு முறை கேட்பதாக இருந்தது. ஏழாவது பாட்டு வரும்போது இது ஒலிக்கும், நீ முதலில் என்னை அடிப்பாய், பிறகு சிரிப்பாய் என்று கணக்குப் போட்டேன். அன்று மழை. அரவிந்தன் தெருவில் முழங்கால் தண்ணீர். யாரும் போகவில்லை. திங்கள்கிழமை காலை அவன் பன்னிரண்டையும் அப்படியே நெட்டில் ஏற்றிவிட்டான். அவன் வேலை செய்கிற லட்சணம் உனக்குத் தெரியும். பாட்டைக் கேட்க மாட்டான், பார்ப்பான். திரையில் ஒலி அலை எங்கே முடிகிறதோ அங்கே கத்தரி வைத்து, மிச்சத்தை வெட்டிப் போட்டுவிடுவான்.

இதுதான் நடந்தது. எல்லாம் என் தப்பு. ஏன் அப்படி ஒரு பாட்டைப் பாடினேன் என்று மட்டும் கேட்காதே.

கிஷோர்

---

சென்னீர்குப்பம்
30 அக்டோபர் 2025

கிஷோர்,

உறையை வாங்கியது நான் இல்லை, அம்மா.

அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று இந்த வருடம் நான் காலேஜ் சேரவில்லை. அது உனக்கும் தெரியும். அம்மா ‘மாணவர் சேர்க்கைப் பிரிவு’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, உறையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். நான் மாடியில் துணி காயப்போட்டு இறங்கி வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். ‘சீட்டு தர்றாங்களாடி’ என்று கேட்டாள். இந்த மாதத்தில் அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே வெளிச்சம் அது. கொடுத்தவனும் நீ, பிடுங்கினவனும் நீ.

நீ வாக்குமூலம் எழுதினாய். நான் சாட்சி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பாடியில் அப்பாவுக்குப் பக்கத்துப் பட்டறை தமிழ்வாணன் அண்ணன், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மாலையோடு வந்தார். பாட்டைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். அதனால் நேராக மூணாந் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜானகிராமன் ஐயாவிடம், “பாடி எங்க கீது?” என்று கேட்டார்களாம். அவர், “பாடிக்கு மெயின் ரோட்டுல பஸ் ஏறணும்” என்றாராம்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்து முடி. நான் காத்திருக்கிறேன்.

பிறகு ரெண்டாந் தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருப்பதால், தாகத்துக்கு அதுதான். தமிழ்வாணன் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

“யோவ், நீ சாவலையா?”

“இன்னும் இல்லபா. உக்காரு, டீ சாப்ட்டுப் போ.”

அப்பா எழுந்து, அவர் கையிலிருந்த மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். “கைலயே வெச்சினு இருந்தா வாடிப்பூடும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்களில் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் டீ போட உள்ளே போனேன். அடுப்படியில் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ அறுக்க வருகிற மாதிரி.

மத்தியானத்துக்குள் ஆல்பத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். செத்த ஆளுக்கு எதுக்கு கிட்னி என்று ஒருவன். உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்து வசூல் செய்கிற கும்பல் என்று இன்னொருவன். சாயங்காலம் அரவிந்தன் ஆல்பத்தையே இறக்கிவிட்டான். பன்னிரண்டு பேருடைய மூன்று மாத உழைப்பு. அதற்குப் பிறகும் தினம் யாராவது வந்து, அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்தப் பாட்டை ஒரே ஒரு முறை முழுதாகக் கேட்டேன். பின்னால் தாளத்துக்கு ஸ்பேனரால் இரும்பைத் தட்டுகிற சத்தம். அது அப்பா பட்டறை என்று எனக்குத் தெரியாதா? அவர் இடத்திலேயே உட்கார்ந்து, அவர் ஸ்பேனரையே தட்டி, அவருக்கே சாவுப் பாட்டு. எங்கள் வீட்டுக் கதவில் ‘இந்த வீடு வாடகைக்கு’ என்று ஒட்டி அப்பாவின் நம்பரை எழுதினாயே, அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. இது அந்த மாதிரி இல்லை.

கேட்காதே என்றாய். அதை மட்டும்தான் கேட்கிறேன். ஏன் பாடினாய்?

கவிப்பிரியா

---

மேனாம்பேடு
3 நவம்பர் 2025

கவி,

பாடி ஜோக்குக்குச் சிரித்தேன். உன் அம்மா நாகவல்லி அத்தையைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாகவல்லி அத்தையிடம் அந்த உறைக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். நான் கேட்டுக்கொள்கிறேன், என்றைக்காவது.

நீ கேட்டதால் சொல்கிறேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். வாக்கை மீறுவதில் எனக்கு அனுபவம் உண்டு, ஆனால் இது கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை உனக்கு ஜுரம். நைனாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். டாக்டர் என்னை மகன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, மாற்று ஆபரேஷன் தாங்காது, செய்ய முடியாது என்று சொன்னார். டயாலிசிஸ் ஓடுகிற வரை ஓடும் என்றார். நாகவல்லி அத்தையின் கிட்னி பொருந்தும் என்று தெரிந்து நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனீர்களே, அதற்கு அடுத்த வாரம்.

திரும்பும்போது பாடி பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொன்னார். பட்டறைக்கு விடு என்றார். உள்ளே போய் லேத் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னாடா பேயறைஞ்ச மாரி கீறே. டாக்டரு எனக்குத்தான சொன்னாரு, உனுக்கா சொன்னாரு?”

“ஊட்ல சொல்லணும் நைனா.”

“சொல்லிக்கலாம். அதுக்கு முன்ன எனக்கு ஒரு சாவு கானா பாடு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“வயசுல எத்தினி சாவுக்கு நான் போயி தாளம் அடிச்சிகீறேன். ஒரு பொணமாச்சும் தன் பாட்டைக் கேட்டிருக்குமா? நான் கேட்டுட்டுப் போறேன்.”

இரண்டு ஞாயிறு, நீங்கள் எல்லோரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்து எழுதினோம். அந்த ஸ்பேனரைத் தட்டியது நான் இல்லை, கவி. அது உன் அப்பா. தன் சாவுக்குத் தானே தாளம் போட்டார், ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. ‘எண்ணெ வாசம்’ அவர் சொன்ன வரி. தெருவுக்கு மட்டும் சண்டை வந்தது.

“இன்னாடா மூணாந் தெரு? நம்ப ஊடு ரெண்டாந் தெருடா.”

“மேனாம்பேடு, மூணாந் தெரு. மோனை நைனா. ரெண்டுன்னு போட்டா பாட்டு நொண்டும்.”

“மோனைக்காடா மாலை போடப் போறானுங்க?”

நான் மாற்றவில்லை. ஜானகிராமன் ஐயா செடிக்கு நடுவில் நின்றது என் மோனையால்தான்.

அந்த எட்டு வரியை முடித்து இரண்டாவது சரணம் எழுத உட்கார்ந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அது கவி பாடட்டும், அவளே எழுதட்டும் என்றார். நீங்களே கேளுங்கள் என்றேன். “நான் கேட்டா அழும். ஆபரேசன் இல்லன்னு தெரிஞ்சிடும். நீ சிரிக்க வெச்சி கேளு. உனுக்குத்தான் அந்தப் பொழப்பாச்சே” என்றார். ஆல்பத்தை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றார். என்னோடு டயாலிசிஸ் படுக்கையில் படுக்கிற நாலு பேருக்கு அந்தப் பணம் போகட்டும், பிறகு வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

சிரிக்க வைத்துக் கேட்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில்தான் அந்தப் பெயர் மாற்றும் யோசனை. பாட்டு முடிந்த பிறகு அவர் பேசுவது இரண்டு நிமிடம் அதில் இருக்கிறது. நீ எல்லோருக்கும் நடுவில் அதைக் கேட்பாய், அவர் குரலைக் கேட்டதும் உனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று நம்பினேன். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் அரவிந்தன் வெட்டினான்.

வெட்டாதது இந்த பென்டிரைவில் இருக்கிறது. கேள். அவர் உயிரோடு இருக்கும்போதே கேள்.

கிஷோர்

---

சென்னீர்குப்பம்
9 நவம்பர் 2025

கிஷோர்,

பென்டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். போட்டுப் பார்க்கவில்லை. போன பொங்கலுக்கு ‘உன் புதுப் பாட்டு’ என்று ஒரு பென்டிரைவ் கொடுத்தாய். சித்தி வீட்டில் இருபது பேருக்கு நடுவில் அதை டிவியில் போட்டேன். நாற்பது நிமிடம் தவளை கத்தியது. நீ மறந்திருக்கலாம்.

உன் கடிதத்தை அம்மா கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். பிறகு அப்பாவிடமே கேட்டேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவர் கட்டிலில் படுத்திருந்தார்.

“அப்பா, டாக்டர் உன்கிட்ட ஆபரேஷன் முடியாதுன்னு சொன்னாரா?”

“யார் சொன்னா?”

“நீதான் கிஷோரைப் பாடச் சொன்னியா?”

அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவன் இன்னா வேணா சொல்லுவான். மாட்டிக்கினான்ல, தப்பிக்கப் பாக்கறான்” என்றார். “ஆபரேசன் தை மாசம்மா. அடுத்த வருசம் உன்னைக் காலேஜ்ல சேக்க நான்தான் இட்டுகினு போவேன்.” அதற்குப் பிறகு இன்னொரு ஐஸ் துண்டு கேட்டார். அன்றைய அளவு முடிந்திருந்தது. இருந்தும் கொடுத்தேன்.

எங்கள் அப்பா பட்டறையில் அரை நூல் அளவு தப்பாகக் கடைந்துவிட்டால்கூட, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லித் திருப்பிச் செய்து கொடுப்பார். அவர் பேச்சையும் உன் பேச்சையும் வைத்தால் யாரை நம்புவேன் என்று நினைத்தாய்?

நீ நிறையப் பொய் சொல்லியிருக்கிறாய். சிரிப்பு வருகிற பொய்கள். ஒரு நோயாளியின் தலையில் உன் குற்றத்தை ஏற்றி வைக்கிற அளவுக்கு மட்டமாக நீ இதற்கு முன் சொன்னதில்லை. டாக்டர் உன்னை மகன் என்று நினைத்தாராம். அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன்.

இனி எழுதாதே. எழுதினாலும் அம்மா கையில் கிடைக்கிற மாதிரி எந்த ஆபீஸ் பெயரும் போடாதே.

கவிப்பிரியா

---

மேனாம்பேடு
14 நவம்பர் 2025

கவி,

உறையில் என் பெயரே இருக்கிறது. கேஸ் அடுப்புக்குப் போனால் போகட்டும்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் நைனா மேல் கோபம் வந்தது. என்னைவிடப் பெரிய கில்லாடி அவர். நான் வீடு வாடகைக்கு என்று ஒட்டியபோது, போன் செய்த ஒவ்வொருவரிடமும் வாடகையை ஏற்றி ஏற்றிச் சொல்லி, ஐந்தாவது ஆளிடம் மொட்டை மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது என்றார். அந்தக் குரலில்தான் உன்னிடமும் தை மாதம் என்று சொல்லியிருப்பார். முகத்தில் ஒரு கோடு மாறியிருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி எனக்குத் தெரிகிறது.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். உன்னையும் அத்தையையும் இன்னும் இரண்டு மாதம் நிம்மதியாக வைத்திருக்க, பழி போட அவருக்கு வேறு ஆள் இல்லை. மாட்டிக்கொள்வதற்கென்றே பிறந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.

பாட்டுக்காரர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. பட்டறைச் சாவியைத் தமிழ்வாணன் அண்ணன் வாங்கிக்கொண்டார். ஐ.டி.ஐ.யில் ஒருவன் என்னைப் பார்த்தால் சங்கு ஊதுகிற மாதிரி கையைக் குவிக்கிறான். நல்ல ஜோக்தான், நானே செய்திருப்பேன்.

பென்டிரைவை மறுபடி அனுப்புகிறேன். இந்த முறை கேட்கச் சொல்லவில்லை. தூக்கி மட்டும் போடாதே. சித்தியின் தையல் மெஷின் டிராயரில் ஊசிகளோடு போட்டு வை. தவளை இல்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டாய். நம்ப வேண்டாம். வை, போதும்.

கிஷோர்

---

மேனாம்பேடு
25 நவம்பர் 2025

கவி,

எழுதக்கூடாது என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை நைனாவை ரெண்டாந் தெரு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். உன் சித்தப்பா தெரு முக்கிலேயே நின்றிருந்தார். காலை உடைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “வாணாம்பா, பொம்பளைங்க பாத்தா தாங்க மாட்டாங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் உள்ளே ஓடியிருப்பேன். கெஞ்சியதால் நின்றுவிட்டேன். ‘முக்குல வந்து நில்லு’ என்று எழுதியவன் நான். நின்றேன், மத்தியானம் மூன்று மணி வரை.

பாட யாரையோ வெளியூரிலிருந்து பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு நைனாவைத் தெரியாது. பேரை மட்டும் கேட்டுக்கொண்டு, எல்லாச் சாவுக்கும் பாடுகிற பாட்டில் செருகினார்கள். ஆட்டோ ஓட்டினவர் என்று பாடினார்கள். ஆட்டோ. இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வரி வந்தபோது தமிழ்வாணன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

ஊர்வலம் முக்கைத் தாண்டும்போது பூ வந்து என் செருப்பில் விழுந்தது. அவ்வளவு கிட்ட.

கிஷோர்

---

மேனாம்பேடு
2 டிசம்பர் 2025

கிஷோர்,

நேற்று மிச்சத் துணிகளை எடுத்துவரச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி டிராயரில் பாபின் தேடும்போது உன் பென்டிரைவை எடுத்து, இது யாருது என்று கேட்டாள். வாங்கிக்கொண்டு வந்து இங்கே எங்கள் வீட்டு டிவியில் போட்டேன். அம்மாவும் இருந்தாள். தவளை கத்தட்டும் என்றுதான் போட்டேன். உன்மேல் கோபப்படுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகு அப்பா இருமினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். “டேய், நல்லாத்தான் கீது. செத்தா இப்டித்தான் சாவணும்” என்றார். பிறகு, “ரெண்டாவது சரணம் என் பொண்ணுக்கு. நீ கேக்கறியா, இல்ல நான் பொணமாகி வந்து கேக்கட்டா?” என்றார். நீ ஏதோ சொன்னாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். கடைசியில் அவர் யாரிடமோ சொல்கிற மாதிரி, “கவி, அளாத. பாடு” என்றார். அங்கே ரெக்கார்டிங் முடிகிறது. அம்மா திரும்பப் போடச் சொன்னாள். நான்கு முறை போட்டேன்.

நீ சொன்னது உண்மை. அப்பா சொன்னது பொய். இதை எழுதிவிட்டேன், இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம். உன்னைப் பொய்யன் என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் உன்னை மன்னித்து விட்டுவிட என்னால் முடியவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டிலிருந்து உனக்குத் தெரியும். செப்டம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் எனக்கு எதிரே நின்றாய். நான் தொண்டை கட்டிக்கொண்டு, வெந்நீர் குடித்து, இந்தப் பாட்டு நன்றாக வந்தால் அப்பா பிழைத்துக்கொள்வார் என்று பாடினேன். ஒவ்வொரு முறையும் ‘இன்னொரு டேக்’ என்றாய். ஒரு தடவைகூட உன் முகம் மாறவில்லை. ஃபேனைப் பார்த்த அப்பா முகம் மாதிரியே. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினீர்கள். காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் பாடியிருக்கமாட்டேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நான் அடுத்த வருடத்துக்கான காலேஜ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த வியாழக்கிழமைகள் எல்லாம் இனி வராது. பென்டிரைவைத் திருப்பி அனுப்பியது என் தப்பு. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்லாதே.

வரும் ஞாயிறு பதினாறாம் நாள் காரியம். வாசலில் படம் திறக்கிறோம். நான் பாடுகிறேன். தாளத்துக்குத் தமிழ்வாணன் அண்ணன், அப்பா பட்டறையிலிருந்து அந்த ஸ்பேனரைக் கொண்டுவருகிறார். இரண்டாவது சரணம் எழுதிவிட்டேன்.

*மேனாம்பேடு ரெண்டாந் தெரு*
*மோனை போனாப் போவட்டும்*
*பொய்யச் சொல்லிப் போன அப்பாக்குப்*
*போற வழி தெரியட்டும்*

முதல் சரணத்திலும் தெருவை மாற்றித்தான் பாடுவேன். நொண்டினால் நொண்டட்டும்.

அரவிந்தனிடம் பேசினேன். ஆல்பம் மறுபடி ஏறும். ஏழாவது பாட்டாக இதுவே இருக்கும், கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டாமல். அந்த நாலு பேருக்கு என்று மேலேயே எழுதச் சொல்லிவிட்டேன். நாலில் ஒருவர் போன வாரம் இறந்துவிட்டார், இப்போது மூன்று பேர். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கும். இருக்கிற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இன்று காலை மூணாந் தெரு ஜானகிராமன் ஐயா வந்து அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், “இந்த வாட்டியாவது ஊட்ட கரெக்டா சொல்லிப் பாடுமா, எல்லாம் என் வாசல்ல வந்து நிக்கிறானுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டைக் கேட்டு வருகிற எல்லோருக்கும் சரியான தெரு எது என்று தெரிந்துவிடும்.

உனக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால்தான் நீ வர வேண்டாம் என்கிறேன்.

கவிப்பிரியா